எம்.எல்.ஏ. பேசினால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு மணிமுத்தாறு கால்வாயின் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நிலம். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். தொகுதி எம்.எல்.ஏ. இந்த இரண்டு பிரச்சினைகளையும் சட்டப்பேரவையில் பேசிய காணொளி ஊரில் கைக்குக் கை மாறுகிறது. பாதிப் பேர் “நமக்காக ஒருவர் பேசினாரே” என்று மகிழ்கிறார்கள். மீதிப் பேர் “பேச்சு வந்து மடையைத் திறக்குமா?” என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி.

நான் அரசியல்வாதியும் அல்லன், பத்திரிகையாளனும் அல்லன். நெல்லைச் சீமையில் பாசனம் தொடர்பான ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பேரவையில் ஓர் உறுப்பினர் கேட்கும் கேள்வி கோட்டையிலிருந்து புறப்பட்டு, தலைமைப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர் என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் யாரோ ஓர் எழுத்தரின் மேசையில் விழும். அப்படிப்பட்ட ஒரு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அமைச்சர் எழுந்து சொல்கிற பதில் அந்த இடத்தில் உருவாவது இல்லை. உறுப்பினர் கேள்வியை எழுத்தில் முன்னதாகக் கொடுக்க வேண்டும். அது பேரவைச் செயலகம் வழியாகத் துறைக்குப் போய், கீழே வந்து, எங்களைப் போன்றவர்கள் எழுதும் குறிப்பாக மறுபடியும் மேலே ஏறுகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினா என்றால் அமைச்சர் வாய்மொழியாகச் சொல்வார். அதன் மேல் துணைக் கேள்விகள் எழும். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். எப்படியானாலும் அது அவைக் குறிப்பில் ஏறி அச்சாகிவிடும். தவறான தகவல் போய்விட்டால் அமைச்சர் அவையில் தலைகுனிய நேரும். அந்தப் பயம் மேலிருந்து கீழ் வரைக்கும் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாங்கிய மனுக்கள் கட்டுக்கட்டாகக் காத்திருந்த அதே அலமாரிக்குப் பக்கத்தில், சட்டமன்ற வினா என்று ஒரு தாள் வந்துவிட்டால் மாலைக்குள் பதில் போக வேண்டும். இரவு எட்டு மணிக்கு மின்விளக்கடியில் உட்கார்ந்து குளத்துப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன்.

ஒரு கேள்வி எனக்கு மறக்கவே மறக்காது. புதிதாக வென்று வந்த ஓர் உறுப்பினர். பேச்சு வராதவர், மேடையில் நின்றால் குரல் நடுங்கும் என்று அவர் ஆட்களே சொல்வார்கள். அவர் கேட்டது நான்கே வரி. இன்ன வருவாய்க் கிராமத்தில் இன்ன குளத்தின் இரண்டாம் மடை இடிந்து கிடக்கிறது. அதனால் இத்தனை ஏக்கரில் மூன்று ஆண்டுகளாகப் பிசானப் போக நெல் பயிரிடவில்லை. விவசாயிகள் இன்னின்ன தேதிகளில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மடையைச் சீரமைக்க அரசு முன்வருமா?

பதில் எழுத வேண்டியவன் நான். இப்படிப்பட்ட இடத்தில் அலுவலகங்களில் வழக்கமாக எழுதும் ஒரு வரி உண்டு: “கருத்துரு ஏதும் பெறப்படவில்லை.” கருத்துரு, அதாவது வேலைக்கான முன்மொழிவு, வரவில்லை என்றால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை, கேள்வி அங்கேயே அடங்கிவிடும். அந்த வரியை எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் கேள்வியில் தேதிகள் இருந்தனவே. பதிவேட்டைப் பார்த்தேன். பதினொரு மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் அலுவலகமே முத்திரை குத்திக் கொடுத்த ஒப்புகைச் சீட்டு. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சி ஒருவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், அத்தனை சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்து உறுப்பினரிடம் காட்டியிருக்கிறார். “பெறப்படவில்லை” என்று எழுதினால் மறுநாள் துணைக் கேள்வியில் அந்தப் பை திறக்கும். அன்று சாயங்காலமே உதவிப் பொறியாளர் டேப்பும் நோட்டுமாகக் குளத்தங்கரைக்குப் போனார். மூன்று ஆண்டுகளாகப் போகாதவர்.

மடை உடனே எழும்பிவிடவில்லை. மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று இரண்டு கோடைகள் ஓடின. ஆனால் கட்டப்பட்டது. மூன்றாம் ஆண்டு அந்தக் குளத்துப் பற்றில், அதாவது அதன் பாசன நிலத்தில், நாற்று நட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொரு உறுப்பினர், துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தாமிரபரணியைப் பற்றிப் பேசினார். நல்ல தமிழ். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை நதியின் புகழ், இலக்கியம், எட்டு அணைக்கட்டுகளின் பழமை எல்லாம் வந்தன. மேசையைத் தட்டினார்கள். மறுநாள் செய்தித்தாளில் பெரிதாகப் போட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அதன் தொடர்பாக ஒரு தாள் கூட வரவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு எந்தத் துறை பதில் எழுதும்? அவர் பேச்சைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கேட்கும்போது எனக்கே மெய் சிலிர்த்தது. ஆனாலும் மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்கால் கால்வாய்களில் தண்ணீரை அடைக்கும் அமலைச்செடி அப்படியே கிடந்தது.

ஆகவே உங்கள் எம்.எல்.ஏ. பேசிய காணொளியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். என்ன கேட்டார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். “விவசாயிகளின் துயரைத் துடைக்க வேண்டும்” என்று முடித்தாரா, அல்லது கால்வாயின் 3, 4-வது ரீச்சுக்கு (பிரிவுக்கு) இத்தனை நாள் தண்ணீர் விட அரசு ஆவன செய்யுமா என்று கேட்டாரா? முன்னதுக்கு “அரசு கவனத்தில் கொள்ளும்” என்பதே விடை. பின்னதுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். இல்லை என்று வந்தால் கூட அது நல்லதே. ஏன் இல்லை என்பதை அவர்கள் எழுத்தில் சொல்ல நேர்கிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறலாம்.

மணிமுத்தாறு பற்றி நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 118 அடி உயரமுள்ள அந்த அணை 1958-இல் காமராஜர் ஆட்சிக் காலத்தில் நிறைவுபெற்றது. ஆற்றங்கரை நஞ்சைக்காரர்களுக்குக் காரும் பிசானமுமாக இரண்டு போக நெல் காலங்காலமாக உண்டு. செம்மண் தேரியிலும் மானாவாரிக் குளங்களிலும் வானம் பார்த்துக் கிடந்தவர்களுக்கு ஆற்றுத் தண்ணீரில் பங்கு வேண்டும் என்று வாதாடியவர்களில் முதன்மையாக இன்றும் நம் பக்கத்தில் நினைக்கப்படுபவர் கே. டி. கோசல்ராம். பின்னாளில் 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களில் திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றவர். உங்கள் அப்பாவின் ஒன்றரை ஏக்கர் பாசன நிலமாகப் பதிவேட்டில் இருப்பதற்கு யாரோ ஒரு காலத்தில் விடாமல் பேசியதுதான் காரணம். பேச்சினால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு அந்தக் கால்வாயையே காட்டலாம்.

ஆனால் எவ்வளவு காலம் பேச வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் தாமிரபரணித் தண்ணீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக எம்.எல். தேரி வரை கொண்டுபோகும் கால்வாய்த் திட்டத்துக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 369 கோடி ரூபாய். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தூரம். முடிந்து திறந்தது 2025 பிப்ரவரியில்; செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. இடையில் ஆட்சிகள் மாறின, நிதி நின்றது, நில எடுப்பு நின்றது, ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் கடக்கும் இடங்களில் வேலை நின்றது. நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் ஒரே விஷயத்தைக் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கேட்கும் குரல் ஓர் ஆண்டு ஓய்ந்திருந்தால் அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அந்தத் திட்டத்துக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள் என்று என் அனுபவத்தில் என்னால் ஊகிக்க முடியும்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் சீமைக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. எஸ். செல்லபாண்டியன், பி. எச். பாண்டியன், இரா. ஆவுடையப்பன், மு. அப்பாவு என்று நான்கு பேரவைத் தலைவர்களைத் திருநெல்வேலி மண் தந்திருக்கிறது. பேரவைத் தலைவரின் நாற்காலியில் அமர்ந்தவர் மற்ற உறுப்பினர்களைப் போல எழுந்து கேள்வி கேட்கவோ விவாதத்தில் கலந்துகொள்ளவோ மாட்டார். அந்தத் தொகுதி மக்கள் “எங்கள் ஆள் அவையிலேயே இருக்கிறார், ஆனால் எங்களுக்காகப் பேச முடியவில்லை” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் அமைச்சர்களிடம் நேரில் சொல்லிப் பல காரியங்களை முடிக்கலாம், முடித்தும் இருக்கிறார்கள். ஆனால் நேரில் சொன்னதற்கு அவைக் குறிப்பு கிடையாது.

இனி உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இது தண்ணீரைவிடச் சிக்கலானது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எம்.எல்.ஏ. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பீடித் தொழிலாளியின் வாழ்க்கையோ இரண்டு அரசுகளுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு. வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதியமும் மத்திய அரசு. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையும், பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் மத்திய அரசு. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது தனித் தீர்வை வசூலித்துத்தான் அந்த நல நிதியை நடத்திவந்தார்கள். ஜிஎஸ்டி வந்த 2017-இல் அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். தனக்கென்று ஒரு வருமானம் இருந்த நிதி அதன் பிறகு ஆண்டுதோறும் டெல்லியில் ஒதுக்குவதை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலைக்கு வந்தது. இதை நம் பக்கத்து மேடைகளில் யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எம்.எல்.ஏ. பேரவையில் “பீடித் தொழிலாளியின் ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும்” என்று முழங்கினால் அமைச்சர் “அது மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது” என்று உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்வது சட்டப்படி சரி. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அதை மாற்றக் கேட்க வேண்டியவர் உங்கள் எம்.பி. மக்களவையில் நேரமில்லா நேரத்திலோ 377-ஆம் விதியின் கீழோ அவர் எழுப்பலாம். அதைவிடத் தொழிலாளர் துறைக்கு எழுத்து வினாவாகப் போட்டு முக்கூடல் மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் இடம் காலி, இந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு உதவித்தொகை போனது என்று எண்ணிக்கை கேட்பது பயன் தரும். அப்படியானால் எம்.எல்.ஏ.வுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கூலி அறிவிப்பைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள், பீடிக் கடையில் இலையும் தூளும் குறைவாகக் கொடுத்துவிட்டுச் சுற்றிய பீடியில் கழித்துக்கட்டுவதை எத்தனை முறை ஆய்வு செய்தீர்கள், வீட்டிலிருந்து சுற்றும் பெண்களில் எத்தனை பேரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று மாநிலத் தொழிலாளர் துறையை அவர் கேட்கலாம். ஜிஎஸ்டி மன்றத்தில் மாநில நிதியமைச்சருக்கு இருக்கை இருக்கிறது. அங்கே என்ன பேசினீர்கள் என்றும் கேட்கலாம். 2025 செப்டம்பரில் அந்த மன்றம் பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைக்கப் பரிந்துரைத்தது. குறைந்த வரியில் ஒரு காசாவது உங்கள் அம்மா பீடி சுற்றும் சுளகுக்கு (முறத்துக்கு) வந்ததா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இன்னொன்று. 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அந்தப் பழைய சட்டம் சொன்னதை நம்பித்தான் நம் பெண்கள் அடையாள அட்டை வாங்கினார்கள். மாநிலம் வகுக்கும் விதிகளில் அந்த இடம் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்க ஒருவர் வேண்டும். இதற்குக் கைதட்டல் கிடைக்காது. இதைச் செய்கிற உறுப்பினர் கிடைத்தால் அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் வாசலில் நின்று வரவேற்பேன்.

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நாங்குநேரி என்று எழுதியதும் என் மனம் 2023 ஆகஸ்டுக்குப் போய்விட்டது. பள்ளியில் படிக்கும் ஒரு பட்டியல் சாதிச் சிறுவனையும் அவன் தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, உடன் படித்த பிள்ளைகளே வெட்டினார்கள். அரசு நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. பள்ளி, கல்லூரிகளில் சாதி உணர்வை எப்படித் தடுப்பது என்று அது 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் அந்தப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தன? இதை நம் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எழுந்து கேட்டிருக்க வேண்டும். பாலத்துக்கும் பஸ்ஸுக்கும் எழும் குரல் இங்கே தயங்குகிறது. அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் உறுப்பினரைக் கேள்வி கேட்க முடியாது என்று அரசியல் சாசனத்தின் 194-ஆம் பிரிவு காப்புத் தருகிறது. வாக்கு போய்விடுமோ என்ற அச்சத்துக்குக் காப்புத் தர அதில் ஒன்றும் இல்லை. ஓர் உறுப்பினர் தொகுதிக்காகப் பேசுகிறாரா என்று அளக்க எனக்கு ஒரு முழக்கோல் உண்டு: தனக்கு வாக்களித்த பெரும்பான்மைக்கே பிடிக்காத ஒன்றை, அந்தத் தொகுதியின் ஒரு குழந்தைக்காக அவர் கேட்டாரா?

பேச்சு எடுபடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கேட்டது கூலி உயர்வு. கைதான 652 பேரின் விடுதலை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தவர்களோடு அன்றைக்குப் பேரவை உறுப்பினராக இருந்த டாக்டர் க. கிருஷ்ணசாமியும் வந்தார். போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அன்று மாலை நான் கொக்கிரகுளம் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போனேன். கரையெல்லாம் செருப்புகள். அந்தத் தோட்டத்துக்குச் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பெற்ற 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களை 2024-லேயே இறக்கிவிடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வீடு எங்கே, வேலை எங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே என்ற கேள்வியை இப்போதே ஊர் பெயரோடும் எண்ணிக்கையோடும் கேட்டு, பதிலை அவைக் குறிப்பில் ஏற்றிவிட வேண்டும்.

பேசிய பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அமைச்சர் “செய்து தரப்படும்” என்று அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைக் கண்காணிக்கப் பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கே வந்து அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்கும். மனுக்கள் குழுவும் அப்படி வரும். குழு வருகிற செய்தி மாவட்டத் தகவல் குறிப்பாக நாளிதழில் ஓர் ஓரத்தில் இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் முதன்மையான பத்துக் கோரிக்கைகளை முதலமைச்சர் கேட்டு வாங்கினார். உங்கள் தொகுதியிலிருந்து போன பத்து எவை என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளில் சொல்லியாக வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடையை வைத்து உறுப்பினரை எடைபோடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆண்டுக்குச் சில கோடி ரூபாயில் முடிகிற வேலைக்கு அவரை நாம் அனுப்பவில்லை. மாநிலத்தின் முழுப் பணமும் எங்கே போகிறது என்று கேட்கத்தான் அனுப்பினோம்.

உங்கள் அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். நிலம் எந்த ரீச்சில் வருகிறது, எந்தக் குளத்துப் பற்று, எந்த மடை, கடைசியாகப் பிசானம் அறுத்தது எந்த ஆண்டு, இதுவரை கொடுத்த மனுக்களின் தேதி என்ன. ஒப்புகைச் சீட்டுகள் இருந்தால் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகல் அனுப்புங்கள். அம்மாவிடம் பாஸ் புத்தகம் இருக்கிறதா, அதில் எந்த மாதத்திலிருந்து பதிவு விடுபட்டிருக்கிறது என்றும் பாருங்கள். கேள்வியின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். எந்தக் கேள்வி எம்.எல்.ஏ.வுக்கு, எந்தக் கேள்வி எம்.பி.க்கு என்று பிரித்தும் தருகிறேன். இந்த முறை பிசானத்துக்கு அணை திறக்கும் முன் அது உங்கள் உறுப்பினர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.